உதவி வரலீங்க

ஜோஸ்பின்: சிரிக்காதீங்கண்ணா. இருநூத்தி நாப்பது வூடு. ஒரு வூட்டுல கூட 'ஆமா'ன்னு சொல்லல.

நவநீதன்: நான் எங்கம்மா சிரிச்சேன்? பஸ் நின்னு அரை மணி ஆச்சேன்னு பாக்கறேன்.

ஜோஸ்பின்: தொப்பூர் எறக்கத்துல லாரி குறுக்கால நின்னா பஸ் பறந்தா போவும்? பதினொரு மணிக்கு சேலத்துல ஆராய்ச்சிக் கமிட்டி. இப்பவே பத்தே கால்.

நவநீதன்: டிரைவர் எறங்கி வெத்தலை போட்டுட்டு நிக்கறாரு. அவருக்குக் கமிட்டி எதுவும் இல்ல போல.

ஜோஸ்பின்: உங்களுக்கு எல்லாமே வெளையாட்டு... பொருளாதாரத் துறையும் தமிழ்த் துறையும் சேந்து பண்ற மொத ஆராய்ச்சி. நம்ம கைடு ராஜாமணி மேடம் கட்டுரைக்குத் தலைப்பே வெச்சுட்டாங்க. 'ஒருவருக்கொருவர் உதவாத ஒரு கிராமம்'.

நவநீதன்: ஊர்க்காரங்க படிச்சா நம்மள வெரட்டி வெரட்டி அடிப்பாங்க.

ஜோஸ்பின்: அடிக்கறவங்களா மோர் குடுப்பாங்க? நேத்து நஞ்சம்மாள் வூட்டுல ரெண்டு சொம்பு குடிச்சீங்க.

நவநீதன்: மூணு.

ஜோஸ்பின்: அந்த அம்மா பேசுனத இன்னொரு தடவை சொல்லுங்க. கமிட்டியில ஒரு வார்த்தை மாறாம சொல்லணும். நான்தான் சொல்லப் போறேன்.

நவநீதன்: நீ ஏன் சொல்லணும்? சரி, கேளு. நம்ம படிவத்துல பன்னெண்டாவது கேள்வி. 'கடந்த ஓராண்டில் யாரிடமிருந்தாவது உதவி பெற்றீர்களா?' இல்லைன்னு சொல்லியிருக்கீங்களே, நெசந்தானுங்களான்னு கேட்டேன். 'நெசந்தான் சாமி, எனக்கு இன்னும் உதவி வரலீங்க, மனு குடுத்து எட்டு மாசமாச்சு'ங்கறாங்க.

ஜோஸ்பின்: மாசாமாசம் கவர்மெண்டு குடுக்கற பணம்.

நவநீதன்: ஆமா. முதியோர் உதவி, விதவை உதவி. அந்த ஊருல உதவின்னா அது ஒண்ணுதான். நாம போனதே அதுக்குத்தான்னு நெனச்சிருக்காங்க. வாங்கறவங்களும் எங்க நின்னுடுமோன்னு, ஒரு ஊரே பதறிப்போயி 'வரலீங்க, வரலீங்க'ன்னு சொல்லியிருக்கு.

ஜோஸ்பின்: அப்புறம் அந்தக் காலு ஒடிஞ்ச கதை...

நவநீதன்: 'காலு ஒடிஞ்சு கெடந்தீங்களே, மாட்டை யாருங்க பாத்துக்கிட்டா?'ன்னேன். 'எதிர்வூட்டு ராயம்மாதான். மூணு மாசம் பால் கறந்து, சாணி அள்ளி, எனக்குக் களியும் கிண்டிக் குடுத்தா.' அது உதவி இல்லீங்களான்னேன். என்னை ஒரு மாதிரியா பாத்துட்டு, 'அது எப்படிங்க உதவி ஆவும்? அவ எதிர்வூட்டுக்காரி'ங்கறாங்க.

ஜோஸ்பின்: எதிர்வூட்டுக்காரி...

நவநீதன்: என்னம்மா, அழுவறியா?

ஜோஸ்பின்: இல்லண்ணா. ஜன்னல்ல டீசல் பொகை.

நவநீதன்: பஸ் எஞ்சினே ஆஃப்ல இருக்குது.

ஜோஸ்பின்: பக்கத்து லாரிப் பொகைண்ணா... இன்னைக்குக் கமிட்டியில நீங்க வாயே தெறக்கக் கூடாது. நான் பேசிக்கறேன்.

நவநீதன்: இங்கிலீஷ்ல இருந்த கேள்விய 'உதவி'ன்னு தமிழ்ல எழுதுனது யாரு? அந்த ஊருக்குப் பக்கத்துல கம்பைநல்லூர்ல பொறந்து வளந்த ஆளு நான். எனக்கே தோணல.

ஜோஸ்பின்: வூடு வூடாப் போயி எழுதுனது நானு. முப்பத்தோரு பேரு ஆதார் ஜெராக்ஸ் குடுத்தாங்க. எல்லாத்தையும் வாங்கிப் பையில வெச்சுக்கிட்டேன்.

நவநீதன்: எதுக்குக் குடுக்கறாங்கன்னு கேக்கலியா?

ஜோஸ்பின்: ஆராய்ச்சி மேல அவ்ளோ மரியாதைன்னு நெனச்சேண்ணா. ஒருத்தரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவே ரெண்டு குடுத்தாரு.

நவநீதன்: அதையும் வாங்கிக்கிட்ட?

ஜோஸ்பின்: நன்றி வேற சொன்னேன்.

நவநீதன்: இப்ப சிரிக்கலாமா?

ஜோஸ்பின்: சிரிச்சுக்குங்க... இன்னைக்குக் காலையில சர்ச்சுப் பூசையில நெஞ்சுல தட்டி 'என் பாவமே'ன்னு சொல்றப்போ, அந்த முப்பத்தோரு ஜெராக்ஸும் கண்ணு முன்னாடி வந்துச்சு.

நவநீதன்: அப்புறம்?

ஜோஸ்பின்: அப்புறம் என்ன... இட்லி சாப்ட்டேன்.

நவநீதன்: இங்க பாரு ஜோஸ்பின். இந்த மாசத்தோட உன் ஆராய்ச்சிக் காலம் முடியுது. கணக்கெடுப்பே தப்புன்னு ஆயிட்டா நீட்டிப்பு கெடைக்காது. மூணு வருஷ உழைப்பு. நேத்து நாம கேட்டது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்...

ஜோஸ்பின்: பேசாம இருந்துடலாங்கறீங்களா?

நவநீதன்: நீ என்ன சொல்றன்னு கேட்டேன்.

ஜோஸ்பின்: முடியாதுண்ணா. அடுத்த வூட்டு மாட்டுக்கு மூணு மாசம் சாணி அள்ளுன பொம்பளைய, உதவாத ஊருக்காரின்னு நான் எழுதறதா? நீட்டிப்பு போனாப் போவட்டும்.

நவநீதன்: ம்... அப்படித்தான் சொல்லுவன்னு தெரியும்.

ஜோஸ்பின்: எப்படித் தெரியும்? காலையில இருந்து எதுக்கு அந்த போனையே பாத்துட்டு இருக்கீங்க?

நவநீதன்: மணி பாக்கறேன்.

ஜோஸ்பின்: கையில வாட்ச் கட்டியிருக்கீங்க... இருங்க, மேடம் கூப்பிடறாங்க. ஸ்பீக்கர்ல போடறேன். வணக்கம் மேடம், தொப்பூர்ல மாட்டிக்கிட்டோம்...

ராஜாமணி: மெதுவா வாங்க. கமிட்டி தலைவருக்கு ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஒம்பது மணிக்கே கூட்டி முடிச்சுட்டோம்.

ஜோஸ்பின்: மேடம், அந்தப் பன்னெண்டாவது கேள்வி...

நவநீதன்: மேடம், தப்பு வந்து...

ராஜாமணி: இருங்க, இருங்க. காலையில ஆறு மணிக்கு நவநீதன்கிட்ட இருந்து மெயில்ல ஒரு கடிதம். வார்த்தை என்னோடது, ஜோஸ்பினுக்கு ஒண்ணும் தெரியாது, நீட்டிப்பை மட்டும் நிறுத்திடாதீங்கன்னு.

ஜோஸ்பின்: அண்ணா...

நவநீதன்: அங்க பாரு, லாரிய ஓரம் கட்டறாங்க.

ராஜாமணி: ஏழரைக்கு ஜோஸ்பின் கடிதம். ஜெராக்ஸ் வாங்குன கை என்னோடது, அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லைன்னு.

நவநீதன்: இட்லி சாப்ட்டேன்னு சொன்ன?

ஜோஸ்பின்: சாப்புடவும் செஞ்சேன்.

நவநீதன்: கமிட்டி என்ன சொல்லுச்சுங்க மேடம்?

ராஜாமணி: ஆறு மாசம் நீட்டிப்பு. ஊருக்குத் திரும்பப் போயி, அவங்க வார்த்தையிலயே கேட்டுட்டு வரச் சொல்லிட்டாங்க.

ஜோஸ்பின்: அவ்ளோ பெரிய தப்புக்கா? எப்படிங்க மேடம் குடுத்தாங்க?

ராஜாமணி: உங்க ரெண்டு கடிதத்தையும் படிச்சுட்டுத் தலைவர், 'இதுல யாரு சொல்றது பொய்?'ன்னு கேட்டாரு. நானே எழுதுன மூணாவது கடிதத்தை எடுத்துக் குடுத்தேன். அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்தக் கேள்வியப் படிச்சுக் கையெழுத்துப் போட்டது நான். எங்க பெரியம்மா மாசாமாசம் எனக்குப் போன் போட்டு, 'ராஜி, பேங்க்ல உதவி ஏறிடுச்சான்னு பாரு'ன்னுதான் கேக்கும். இப்ப சொல்லுங்க, எனக்கு ஏன் உறைக்கல?