கட்டில் நுழையும் வாசல்: ஓவர்சீயர் வெள்ளியங்கிரி அவர்களுக்குக் கட்டடப் பிரிவினர் அளிக்கும் பாராட்டு மடல்

பெருமதிப்பிற்குரிய ஓவர்சீயர் ஐயா அவர்களே!

வேலங்கோட்டை நகரசபையில் இருபத்தெட்டு ஆண்டுகள் கடமை தவறாத கண்ணியவானே! கல்லையும் காரையையும் அளந்ததோடு நில்லாமல், கட்டடத்துக்குள் குடியிருக்கும் மனிதரின் கஷ்டத்தையும் கணக்கில் எடுத்த கருணையாளரே! கோட்டைவீதி நாற்பத்திரண்டு வீடுகளின் கூரைவரிசை கோணாமல் காத்த குணசீலரே! தங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

தங்கள் குணங்களை வரிசையாக எழுதத்தான் முதலில் உட்கார்ந்தோம். நேர்மை, பொறுமை, நேரம் தவறாமை என்று ஒரு பக்கம் நிரம்பியது. படித்துப் பார்த்தால், தங்கள் பெயரை அடித்துவிட்டு வேறு யார் பெயரை எழுதினாலும் அது பொருந்தும் போலிருந்தது. ஆகவே அந்தத் தாளைக் கிழித்தோம். இரண்டு வருஷங்களுக்கு முன், யுவ வருஷம் மார்கழியில் நடந்த ஒன்றை, தங்கள் முன்னிலையிலேயே, வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொல்ல அனுமதி தர வேண்டுகிறோம். மருத்துவச்சி மயிலாத்தாள் அம்மாள் எங்களிடம் சொன்னதும் நாங்கள் கண்ணால் கண்டதும்தான் இதில் இருக்கின்றன. மேடையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர் கோவிந்தராஜுலு நாயுடு அவர்களிடம் முன்கூட்டியே காட்டினோம். "என்னைப் பத்தினதையும் ஒண்ணு விடாமப் படியுங்க" என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டார்.

பழைய கோட்டைவீதி ஒரு பெரிய தீக்குப் பிறகு, ஒரே கொத்தனார் கூட்டத்தால், இரண்டே வருஷத்தில் கட்டி எழுப்பப்பட்டது. அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே உயரத்தில் கூரை, ஒரே மாதிரி கிளி செதுக்கிய மரத்தாங்கிகள், ஒரே அகலத்தில் பூவேலை செய்த நிலைவாசல். தேர் வரும் நாளில் அந்த வீதியைப் பார்த்தால், நாற்பத்திரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து நிற்பது போலிருக்கும். ஏழு வருஷத்துக்கு முன் இரண்டு வியாபாரிகள் முகப்பை இடித்துத் தகரக் கொட்டகை போட்டார்கள். அந்த வருஷமே தேர்ச்சீலை தகரத்தில் மாட்டிக் கிழிந்தது. அதன் பிறகுதான் நம் ஓவர்சீயர் முன்னின்று கோட்டைவீதிக் கட்டடக் கமிட்டியை ஏற்படுத்தினார். கதவோ ஜன்னலோ மாடியோ, முகப்பில் எதை மாற்றினாலும் கமிட்டியின் சம்மதம் வேண்டும்.

மாடி கேட்பவர்களுக்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மூங்கில் நட்டு, கயிறு கட்டி, வரப்போகும் மாடியின் முழு அளவையும் வீட்டின் மேலேயே காட்டுவார். மூன்று நாள் அது அப்படியே நிற்கும். போகிறவர் வருகிறவரெல்லாம் அண்ணாந்து பார்த்து அபிப்பிராயம் சொல்வார்கள். ஒரு ஜவுளிக்காரர் தம் மாடியைக் கயிற்றில் பார்த்துவிட்டு, "இது ஊடா, புறாக்கூண்டுங்களா?" என்று தாமே மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ஆனால் கதவு, ஜன்னல் போன்ற சின்ன மாற்றங்களுக்கு மூங்கில் நடுவதில்லை. பிளானைப் பார்த்தே குறிப்பு எழுதிவிடுவார்.

கோட்டைவீதியில் அப்பா விட்டுப்போன வீட்டில் மயிலாத்தாள் தனியாக இருந்தாள். மருத்துவச்சி வேலைக்கு முறையாகப் படித்துச் சர்ட்டிபிகேட் வாங்கியவள். வீட்டின் முன்னறையைப் பிரசவ அறையாக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், தண்ணீர் காய்ச்ச அடுப்புப் போட்டாள், துணிகளை வேகவைத்து மடித்து அடுக்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கார்த்திகையில் ஒரு நாள், நாலு மைல் தள்ளியிருந்த தோட்டத்துச் சாளைக் குடிசையிலிருந்து மாசாணியம்மாள் என்ற கூலிக்காரப் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மூன்றடிக் கட்டில். வாசலோ இரண்டேகால் அடி. நேராகவும் நுழையவில்லை, திருப்பியும் நுழையவில்லை. வலியில் துடித்தவளை நட்டநடு வீதியில் கட்டிலிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. எதிர்வீட்டு ரம்லா இரண்டு ஜமக்காளங்களோடு ஓடிவந்து, மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச்செயல். "யார் யாரோ வீதிக்குள்ள வாராங்க" என்று இரண்டொருவர் முணுமுணுத்ததும் உண்டு. மயிலாத்தாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கண்ணில் அந்த வாசல் மட்டுமே நின்றது.

ஹெல்த் ஆபீஸரும் வந்து பார்த்தார். தை முடிவதற்குள் கட்டில் நுழையும் வாசல் வைத்தால் லைசென்ஸ், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டார். அதே வாரம் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு வரச்சொல்லி அவளுக்குக் கடிதம் வந்தது. அவளுக்கு மலைமேல் போக இஷ்டமில்லை. அவள் போய்விட்டால், இந்த ஊரிலும் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு சாளைகளிலும் பிரசவம் பார்க்கப் படித்த மருத்துவச்சி ஒருத்திகூட இருக்கமாட்டாள்.

நாலடிக் கதவுக்கு மனுப் போட்டாள். மனு திரும்பி வந்தது. அதன்மேல் நம் ஓவர்சீயரின் அழகான கையெழுத்தில் ஒரே வரி: "முகப்பு மாறும், அனுமதிக்க இயலாது."

பிற தேசத்து நாவல்களின் மொழிபெயர்ப்புகளில் சர்க்கார் உத்தியோகஸ்தர் என்றால், மனுவை மேஜைக்குள் வைத்துப் பூட்டுகிறவராகவே வருவார். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் ஆபீஸ் படியேறிய மயிலாத்தாளும் அப்படி ஒருவரைத்தான் எதிர்பார்த்து வந்தாள். அழக்கூடாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்ததாகப் பின்னால் எங்களிடம் சொன்னாள்.

"ஏனுங்க, எங்க ஊட்டு வாசல் எத்தனை அகலமுங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டேகால் அடி. பிளான்லயே இருக்குதே அம்மணி."

"கட்டில் எத்தனை அடிங்க?"

ஓவர்சீயர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கட்டில்?"

"வலி வந்தவளைத் தூக்கிட்டு வார கட்டிலுங்க. அதையும் நீங்க அளந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

கோட்டைவீதியில் எந்தத் தாங்கியில் எந்தக் கிளிக்கு மூக்கு உடைந்திருக்கிறது என்பதுவரை அறிந்தவர்கள் நாங்கள். கட்டிலின் அகலம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஓவர்சீயர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார், அளவு நாடாவை எடுத்தார். "நீங்க முன்னால போங்க அம்மணி, பின்னாலயே வாரேன்" என்றார். மத்தியானச் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே போனார்.

அந்த வீட்டில் அவர் என்னவெல்லாம் அளந்தார் என்பதை மயிலாத்தாள் விரல்விட்டுச் சொல்வாள். கட்டில், கட்டில் தூக்குபவர்களின் முழங்கை, திரும்பும் இடம், அடுப்புக்கும் ஜன்னலுக்கும் உள்ள தூரம். கடைசியில் பூவேலை செய்த நிலைவாசலுக்குக் கிழக்கே, உயரத்தில் ஒரு காற்றுத் துவாரம் மட்டும் இருந்த வெறுஞ்சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அன்று முழுக்க மயிலாத்தாளுக்கு அதே யோசனைதான். வால்பாறைக்குப் பதில் எழுதத் தாளை எடுப்பாள், பெட்டிக்குள் வைப்பாள், திரும்ப எடுப்பாள்.

மறுநாள் காலை கொத்தனார் மாரப்பன் மூங்கிலும் கயிறுமாக வந்து இறங்கினான். அந்த வெறுஞ்சுவருக்கு முன்னால் நாலடி அகலத்தில் இரண்டு மூங்கிலை நட்டு, பழைய நிலையின் உயரத்துக்கே குறுக்குக் கயிறு கட்டினான். மூன்று நாள் அந்த மூங்கில் வாசல் வீதியில் நின்றது. வீதிக்காரர்கள் பார்த்தார்கள், பேசினார்கள், சண்டையும் பிடித்தார்கள். மூன்றாம் நாள் கமிட்டி வந்தது.

கோவிந்தராஜுலு நாயுடு அவர்கள் வந்ததும் வராததுமாகத் தலையை ஆட்டினார். "ஓவர்சீயர், இன்னிக்கு ஒரு கதவும்பீங்க. நாளைக்கு அது கடை. நாளன்னிக்குத் தகரம். இந்தச் சட்டத்தைக் கொண்டாந்ததே நீங்கதானுங்களே?"

"நானேதானுங்க. அதனாலதான் எனக்குப் பயம் ஜாஸ்தி" என்றார் ஓவர்சீயர். "ஒரே ஒரு வேலை பாக்கி. கட்டில்ல ஒருத்தரைப் படுக்க வெச்சுப் பழைய வாசல் வழியாத் தூக்கிப் பார்த்துப்போடலாம். யார் படுக்கறீங்க?"

கமிட்டியார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ரம்லாவின் குரல் வந்தது: "வேணாங்கறவுங்களே படுக்கட்டுமுங்களே!"

வீதியே சிரித்தது. நாயுடு அவர்களின் முகம் சிவந்தது. ஆனாலும் பின்வாங்குகிற மனிதர் அல்லர் அவர். அங்கவஸ்திரத்தை மடித்து மாரப்பனிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் நீட்டிப் படுத்தார். நாலு பேர் தூக்கினார்கள்.

"கவுன்சிலருங்களுக்குக் கனம் ஜாஸ்தின்னு தெரியும். இத்தனைன்னு தெரியாதுங்க!" என்றான் மாரப்பன்.

"பேசாமத் தூக்குடா!"

வாசலில் கட்டில் முட்டியது. ஒரு பக்கத்தை உயர்த்தினார்கள். கட்டில் சாய்ந்தது. "ஐயையோ, சாய்க்காதீங்கடா! உளுந்துபோடுவேன்!" என்று நாயுடு அவர்கள் கத்திக்கொண்டே, கைக்கு எட்டிய நிலைச்சட்டத்தின் பூவேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மயிலாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. கார்த்திகையில் அதே இடத்தில் அதே சட்டத்தைப் பிடித்திருந்த வேறொரு கையை அவள் பார்த்திருந்தாள்.

"எறக்குங்க" என்றார் நாயுடு. குரல் மாறியிருந்தது. எழுந்து உட்கார்ந்தார், வியர்வையைத் துடைத்தார். அப்புறம் மயிலாத்தாளைப் பார்த்து, "ஏன் அம்மணி, அந்தப் புள்ளையையும் இப்படியேதான் சாய்ச்சாங்களா?" என்று கேட்டார்.

"சாய்க்க முடியலீங்க. வீதியிலயே எறக்கினோமுங்க."

நாயுடு கட்டிலிலிருந்து எழுந்தார். பிறகு மூங்கில் வாசல் பக்கம் கையைக் காட்டினார். கட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் கயிற்றுக்குக் கீழே நேராக, ஆடாமல் நடந்து சுவரடிவரை போனார்கள்.

"வெச்சுக்க, கண்ணு" என்றார் நாயுடு. "ஆனா ஒண்ணு. இது என்னிக்கும் கடைவாசல் ஆகக்கூடாது."

"அப்படி ஆச்சுன்னா நீங்களே வந்து கல்லு வெச்சு அடைச்சுப்போடுங்க" என்றாள் மயிலாத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பழைய நிலைவாசல் இருந்த இடத்திலேயே இருக்கும். புதிய கதவு அதே உயரம், அதே மரம், அதே சுண்ணாம்பு. கூரையின் ஓர் ஓடும் நகராது. இதுதான் கமிட்டியின் தீர்மானம்.

இனிமேல் வருவது ஊருக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் ஓவர்சீயர், மயிலாத்தாள் கொண்டுவந்த மனு இருந்த காகிதக் கட்டை எடுத்து, தம் பழைய வரிக்குக் கீழே எழுதினார்: "மேற்கண்ட என் குறிப்பு தவறு. இடத்தைப் பாராமல் எழுதினேன்." எங்கள் தலைமைக் குமாஸ்தா பதறிப்போனார். "எதுக்குங்க இது? பழைய தாளை எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வெச்சுப்போடலாம். ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகற நேரத்துல ரிக்கார்டுல கறுப்பு எதுக்குங்க?" என்றார். ஓவர்சீயர் மை உலரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கப்புறம் இந்த நாற்காலியில உக்கார்றவரும் ஒரு நா இடத்தைப் பார்க்காம எழுதுவாருங்க. அன்னிக்கு இது அவர் கண்ணுல படட்டும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் பிரிவில், ஜன்னல் மனுவானாலும் இடத்தைப் பார்க்காமல் எவரும் ஒரு வரி எழுதியதில்லை.

ஐயா! தங்களை நாங்கள் பாராட்டுவது தவறே செய்யாதவர் என்பதற்காக அல்ல. செய்த தவறை மூன்று நாள் மூங்கில் நட்டு ஊருக்கே காட்டியவர், அதைத் திருத்திய பிறகும் மறைக்காதவர் என்பதற்காக. கோட்டைவீதி இன்றும் கோட்டைவீதியாகவே இருக்கிறது. அதற்குள் நூற்றுப்பதினாறு குழந்தைகள் புதிதாகப் பிறந்திருக்கின்றன. மின்சாரக் கம்பங்கள் நடும்போது மரத்தாங்கிகள் ஒன்றுகூடச் சேதமாகாமல் தாங்கள் வெயிலில் நின்றதும், மழைக்காலத்தில் ஏழைகளின் இடிந்த சுவர்களுக்கு மனு எழுதத் தெரியாதவர்கள் சார்பில் தாங்களே மனு எழுதிக் கொடுத்ததும் சொல்லப்படாமலே நிற்கின்றன. இடமில்லை, மன்னிக்க வேண்டும்.

இந்த மடலை வாசிக்க வேண்டியவர் மயிலாத்தாள் அம்மாள்தான். முன்வரிசையில் அவருக்கு நாற்காலியும் போட்டிருந்தோம். விழா தொடங்கும் சமயத்தில் மாரப்பன் வந்து அவர் சொல்லியனுப்பியதைச் சொன்னான். வாழ்த்துக்கு முன்னால் அதையே இங்கே சேர்த்துவிட்டோம்: "ஓவர்சீயர் ஐயா கோவிச்சுக்கக் கூடாதுங்க. ஆனைமலை ரோட்டுப் பக்கமிருந்து ஒரு கட்டில் வந்திருக்குது. உள்ள போயிருச்சுங்க. நான் வர முடியாது."

தாங்களும் தங்கள் இல்லத்தரசியாரும் நல்ல உடலோடும் நிறைந்த மனதோடும் நெடுங்காலம் வாழ்க! இனி ஏணியில் ஏறாமல், முழங்காலுக்கு ஓய்வு கொடுத்து, பேரப்பிள்ளைகளின் கூச்சலில் பொழுதுபோக்க இறைவன் அருள்க! கோட்டைவீதிப் பக்கம் எப்போது நடந்து வந்தாலும், தங்களை உள்ளே அழைக்க எத்தனையோ வாசல்கள் திறந்திருக்கும்.

தங்கள் அன்பு மறவாத,
கட்டடப் பிரிவு ஊழியர்கள்,
நகரசபை அலுவலகம், வேலங்கோட்டை,
கோயமுத்தூர் ஜில்லா.
ஈசுவர வருஷம், பங்குனி மாதம் (மார்ச் 1938)