தையல் மெஷின் பெட்டி

இல்ல தம்பி, மெஷின்ல ஊசியெல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன். பி.ஏ. படிச்சவளுக்கு ஊசி மாட்டத் தெரியாதுன்னு நெனச்சுட்டியா? நீ மொதல்ல கடைக் கதவச் சாத்து. வெயில் கண்ணக் கூசுது. வெயிலே இல்லையா? சரி, இல்ல. சாத்துன்னா சாத்தேன் ரவூப். உன் பொண்டாட்டி ருக்கையா எங்கிட்டப் படிச்ச புள்ள. கணக்கு வராது, ஆனா டீச்சர் சொன்னாக் கேப்பா. உனக்கு ரெண்டும் வராது போல.

பெட்டியத் தொடாத. நானே தொறக்குறேன். அதுக்கு முன்னாடி சொல்றதக் கேளு.

எங்க வீட்டுக்காரர் அம்பலவாணர் ஜொகூர்ல ரப்பர் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியா இருந்தாரு, தெரியும்ல. சம்பளப் பணத்த எடுத்துக்கிட்டுக் காட்டு வழியா வரணும்னு தொர அவருக்கு ஒரு ரிவால்வர் குடுத்திருந்தான். அவர் போனதுக்கப்புறம் அது எங்கிட்டயே தங்கிருச்சு. ஏன் மூஞ்சி வெளுக்குது? உக்காரு.

ஜப்பான்காரன் வந்ததும், துப்பாக்கி வச்சிருக்கறவங்க எல்லாரும் கொண்டாந்து ஒப்படைக்கணும்னான்ல. எங்க பஃபலோ ரோட்டு வீட்டு வரிசையில ஒருத்தர் நல்ல புள்ளையா கொண்டு போய்க் குடுத்தாரு. துப்பாக்கியும் திரும்பி வரல, அவரும் வரல. நான் போகல. கெடுவும் முடிஞ்சிருச்சு. இப்ப குடுத்தாலும் தல போகும், வச்சிருந்தாலும் தல போகும்.

அப்புறம் அடுத்த சந்துல ஒரு வீட்டுக் கதவ ஒடச்சுக்கிட்டு உள்ள போனானுங்க. அந்த வீட்டுப் பொண்ணு இப்ப யாருகூடவும் பேசறதில்ல. மறுநாள் எம் புள்ளைங்க ரெண்டு பேரையும் அடுப்பங்கரையில உக்கார வச்சேன். சின்னப் புள்ளைங்களா? பையன் பேரின்பத்துக்கு இருபத்தஞ்சு, பொண்ணு மனோவுக்கு இருபத்திரண்டு. ஊர் ஒழுங்கா இருந்தா ஆளுக்கொரு கொழந்தைய இடுப்புல வச்சிருப்பாங்க. இலக்கணம் நடத்துற மாதிரியேதான் நடத்தினேன், தோட்டா போடாம. கையில எடுத்தா மொதல்ல தொறந்து பாரு. சுட மனசு இல்லாட்டி நீட்டாத. கதவ ஒடச்சு வர்றவனுக்குத்தான் இது, தெருவுல நிக்கிறவனுக்கு இல்ல. அந்தக் கடைசிப் பாடத்த நான் அழுத்தி நடத்தல போல.

மனோ கப்புனு புடிச்சுக்கிட்டா. கொஞ்சங்கூடக் கை நடுங்கல. ஒழுங்காத் தூங்கி மாசக்கணக்கானவ, அன்னிக்குத்தான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனா. இன்னிக்கும் அது அரிசிப் பானைக்குப் பின்னால இருக்குன்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் படுக்குறா. பானையில அரிசி இருக்கான்னு கேக்காத, மரவள்ளிதான் இருக்கு. பேரின்பம்தான் தடுமாறினான். கண்ணாடிய மூக்குல தள்ளிக்கிட்டு, இதெல்லாம் நமக்குத் தேவையாம்மான்னான். செம்பவாங் கப்பல் பட்டறையில குமாஸ்தா. உனக்குப் பேனாதாண்டா புடிக்க வரும்னு நானே கிண்டல் பண்ணேன்.

அவன் வேலைக்குப் போற வழியில ஜப்பான்காரச் சென்ட்ரி ஒருத்தன் காவலுக்கு நிக்கிறான். குனிஞ்சு வணங்கிட்டுத்தான் போகணும். நீயும்தான குனியிற? இவன் குனிஞ்சா கண்ணாடி விழுது. கண்ணாடியப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சா, மரியாத இல்லன்னு அறையிறான். அறஞ்சா கண்ணாடி விழுது. தரையத் தடவி எடுக்க மண்டி போட்டா, இதுதான் வணக்கம்ங்கிற மாதிரி கை தட்டிச் சிரிக்கிறானாம். தெனமும். இப்பல்லாம் இவனுக்காகவே காத்துக்கிட்டு நிக்கிறான். கழட்டிப் பையில வச்சுக்கடான்னேன். கழட்டினா சென்ட்ரி எங்க நிக்கிறான்னே தெரியலம்மான்னான். நான் சிரிச்சுட்டேன். அவன் சிரிக்கல.

போன வாரத்துலேருந்து இந்தக் கொதிக்கிற வெயில்ல அவங்கப்பா கோட்டப் போட்டுக்கிட்டுப் போறான். அவன் போனப்புறம் பானைக்குப் பின்னால கைய விட்டுப் பாத்தேன். எடம் காலி. சாயங்காலம் திரும்ப இருக்கு. மனோவுக்கு இது தெரியாது.

கேக்காம இருப்பேனா? கேட்டேன். நீங்கதானம்மா சொல்லிக் குடுத்தீங்கன்னான். அவ்வளவுதான். இருபத்தஞ்சு வயசு ஆம்பளைய என்ன பண்றது, பெஞ்சு மேல ஏத்தி நிக்க வைக்கவா?

இன்னிக்குக் காய்ச்சல்ல சுருண்டு கெடக்கான், அதான் எடுத்துட்டு வந்தேன். சிராங்கூன் ரோட்டுல ஒரு ஜப்பான்காரன் நிறுத்திப் பெட்டியத் தொறக்கச் சொன்னான். மெஷினச் சுத்திக் காட்டுன்னு கையக் காட்டினான். சுத்தினேன். டகடகன்னுச்சு. அவனுக்கு ஒரே சந்தோஷம். அவன் வீட்டுலயும் அம்மா தைப்பா போல. அடிப்பலகைக்குக் கீழ இது கெடக்கு.

தூக்கிப் போட்டுருங்கங்கிற. ரோச்சோர் வாய்க்கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? இது காணாமப் போனா அவன் கத்திய எடுத்துட்டுப் போவான். அவ தூங்க மாட்டா. தோட்டாவ மட்டும் உருவிட்டா? எடுக்கும்போதெல்லாம் தொறந்து பாருன்னேன்ல, அந்த ஒண்ண மட்டும் தவறாமச் செய்யறான் எம் மாணவன்.

இவன் சுட்டு அவங்க ஆளு ஒருத்தன் செத்தா, இவன் போவான், மனோ போவா, நான் போவேன், எங்க வரிசையே போகும். இவன் நீட்டியும் துப்பாக்கி வெடிக்காமப் போனா இவன் மட்டும் போவான். ஒருவேள நாங்களும் போகலாம், வரிசையாவது தப்பிக்கும். அப்படிப் பாக்காத ரவூப். பெத்தவதான் இந்தக் கணக்கப் போட்டேன். வேற யாரு போடுவா?

இங்க பாரு. விசைய இழுத்தா பின்னால இந்தச் சுத்தியல் வந்து விழுது. அதோட மூக்குல ஊசி மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அதுதான் தோட்டாவுல போய்க் குத்தணும். மெஷின்ல ஊசி முனை போயிட்டா என்ன ஆகும்? சக்கரம் சுத்தும், சத்தம் வரும், தையல் விழாது. அவ்வளவுதான் எனக்கு வேணும். அரத்த எடுத்து அந்த முனைய ராவிடு. தொறந்து மூடினா எப்பவும் போல இருக்கணும். ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாது.

கதவ ஒடச்சுக்கிட்டு வந்தா என்ன பண்றதுங்கிறியா?

வந்தா மனோ நேரா நீட்டுவா. கை நடுங்காது அவளுக்கு.

ராவு தம்பி. சாயங்காலம் அவ தொட்டுப் பாக்குறதுக்குள்ள அது பானைக்குப் பின்னால இருக்கணும்.