ஆறு மணி நேரக் காற்று

பெருந்துறைப் பக்கம் நல்ல காபி கிடைக்காது, இன்ஸ்பெக்டர் சார். பதினோரு வருடமாகச் சிங்காநல்லூரிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவந்துதான் குடிக்கிறேன். நீங்கள் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. குடித்துவிட்டேன்.

என் பெயர் நரசிம்மலு. இங்கே ஆலையில் ஸ்பிரிட்டை உலர்த்தும் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. ஸ்பிரிட்டை எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் நூற்றில் ஐந்து பங்கு தண்ணீர் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். சூடு காட்டி அதைப் பிரிக்க முடியாது. ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் நிரப்பிய உயரமான குழாய் வழியாக அனுப்பினால் தண்ணீரை மணிகள் உறிஞ்சிக்கொள்ளும், சுத்தமான ஸ்பிரிட் வெளியே வரும். மருந்துக் கம்பெனிகள் அதைத்தான் வாங்குகின்றன. பதினோரு வருடத்தில் என் கைப்பட நிரப்பிய டிரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

சென்ற ஆண்டு பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமையாகப் பொற்கொடி வந்தாள். எம்.எஸ்சி. படித்தவள், இருபத்தொன்பது வயது. ஊர் இருகூர் என்றதும் அம்மா யார் என்று கேட்டேன். மாரியாத்தாள் என்றாள். எங்கள் தாத்தாவின் தோட்டத்தில் களை எடுத்த மாரியாத்தாளேதான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சனம் படித்து மேலே வருவது நல்லதுதானே. நான் அவளை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. விசாரித்துப் பாருங்கள், எல்லோரும் சொல்வார்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு டிரம்களை லாரியில் ஏற்றியாகிவிட்டது. அவள் பேப்பரோடு சரக்கு ஏற்றும் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. இதுல தண்ணி நிக்குதுங்க. அனுப்ப முடியாதுங்க."

"அப்படிங்களா அம்மணி. இன்னொருக்கா பாத்துருங்களேன்."

"நாலு தடவை பாத்துப்போட்டேனுங்க."

கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முஜீப், "ஏனுங்க சார், எறக்கி எங்கீங்க வெக்கறது?" என்று எல்லோர் முன்னாலும் என்னைத்தான் கேட்டான். ஆறு டிரம்மும் இறங்கி, என் அறை ஜன்னலுக்கு நேராக இரண்டு நாள் நின்றன. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மணிகளை அடுப்பில் சரியாகச் சூடுபண்ணி, உறிஞ்சிய தண்ணீரைப் போக்காததால்தான் ஸ்பிரிட்டில் தண்ணீர் தங்குகிறது என்றாள். ஒரு முறை தானே சூடுபண்ணிப் பார்க்கிறேன் என்று அனுமதி கேட்டாள். தாராளமாகச் செய்யுங்கள் என்றேன்.

இங்கேதான் நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். குழாயிலிருந்து எடுத்த மணிகளுக்குள் தண்ணீரோடு ஸ்பிரிட்டும் இருக்கும். ஆறு மணி நேரம் காற்று ஓட்டி அதை விரட்டிய பிறகுதான் அடுப்புக்குள் வைக்கலாம். காற்று ஓட்டியவர் அட்டையில் கையெழுத்துப் போடுவார். அடுப்பு மூட்டுகிறவர் அட்டையைப் பார்ப்பார். எங்கள் வழக்கம் அவ்வளவுதான். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த அடுப்புக் கொட்டகையில் ஒரு மாதம் வேலை செய்தால் மூக்கு செத்துவிடும்.

புதன்கிழமை இரவு நான் காற்று ஓட்டவில்லை. வியாழக்கிழமை காலையில் அட்டையில் கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.

அவள் அட்டையைப் பார்த்தாள். பார்த்த பிறகும் என்னிடம் கேட்டாள்.

"காத்து ஓட்டியாச்சுங்களா சார்?"

"ஆச்சுங்க அம்மணி."

பெரியவர் சொல்லிவிட்டால் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதற்கு மேல் துருவிக் கேட்க மாட்டார்கள். வளர்ப்பு அப்படி. நன்றி சொல்லிவிட்டு மணிகள் பரப்பிய தட்டுகளைத் தூக்கினாள். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் காளிச்சாமி உதவிக்குப் போனான். அவனைக் கூப்பிட்டு கேண்டீனுக்கு அனுப்பினேன். காளிச்சாமி நல்லவன், சொன்னதைக் கேட்பான். சம்பந்தமில்லாதவர்களுக்கு அடிபடக் கூடாது என்று நினைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கவனம் இல்லாதவன் என்று யாரும் சொல்லக் கூடாது.

பதினொன்றரைக்கு அடுப்பின் கதவு பறந்தது. நெருப்பை அணைத்ததும் நான்தான். ஆம்புலன்சுக்கு போன் பண்ணியதும் நான்தான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். மாரியாத்தாள் வராண்டாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னக் கவுண்டருங்களா... பாப்பா உங்களப் பத்தி நல்லாத்தானுங்க சொல்லும்" என்று அழுதாள். நாங்கள் கவுண்டர் இல்லை, நாயுடு. ஐம்பது வருடம் எங்கள் சோற்றைத் தின்றவளுக்கு அதுகூட நினைவில்லை. ஆனாலும் திருத்தவில்லை. அழுகிறவளிடம் என்னத்தைத் திருத்துவது?

மாஜிஸ்ட்ரேட்டிடம் பொற்கொடி கடைசியாகச் சொன்னதை வைத்துத்தானே என்னைக் கூட்டி வந்தீர்கள்? "சார் ஆச்சுன்னு சொன்னாருங்க." சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நான் மறுக்கவில்லை. காற்று ஓட்டாமலே ஓட்டியதாக எழுதினேன், வாயாலும் சொன்னேன், என்ன நடக்கும் என்று தெரிந்தே சொன்னேன். அவளைக் கொன்றது நான்.

சாதிதான் காரணம் என்று நீங்கள் எழுதப் பார்க்கிறீர்கள். அது எனக்குப் புரிகிறது. எழுதாதீர்கள். நான் தரம் பார்க்கிறவன், சாதி பார்க்கிறவன் அல்ல. அந்த ஆறு டிரம்களையும் புதன்கிழமை மாலை நானே தனியாகச் சோதித்தேன். ஒரு முறை அல்ல, அவளை மாதிரியே நான்கு முறை. நான்கு முறையும் அவள் எழுதிய எண்ணேதான் வந்தது. அது மட்டும் தப்பாக இருந்திருந்தால், சின்னப் பெண் ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டது என்று நான் அவளை மன்னித்திருப்பேன், சார்.