ஒன்பது நாள் கள்ளிச்சாறு

அபாயச் சங்கு அலறியதும் ராயபுரமே ஓடியது. ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று எல்லோரும் மூட்டை முடிச்சோடு ரயிலடிக்குப் போனார்கள். நானும் என் மனைவி பூவம்மாவும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் பாதத்தில் ஓயாத எரிச்சல். ஓடுகிற கால் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, நீரிழிவு. அவளுக்கு எட்டு வருஷமாக, எனக்கு மூன்று வருஷமாக. தினமும் இன்சுலின் ஊசி. நான்தான் ஊசியைக் கொதிக்க வைத்து அவளுக்கும் போடுவேன், எனக்கும் போட்டுக்கொள்வேன். ஒருநாளும் தவறியதில்லை.

அந்தச் சங்குக்குப் பிறகு கப்பல் வருவது குறைந்துபோயிற்று. இரண்டு புட்டி மருந்து தந்த ஆஸ்பத்திரியில், இருவருக்கும் சேர்த்து ஒரு புட்டிதான் தந்தார்கள்.

அப்போதுதான் தாவூது ஒரு வழி சொன்னான். துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்குகிறவன். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தணலில் காட்டி முள்ளைப் பொசுக்கி, சாறு பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை இறங்குமாம். அவன் மாமனாருக்கு இறங்கியதாம்.

சர்க்கார் கள்ளி தின்னும் பூச்சியை விட்டு அழித்ததுபோக, எண்ணூர் மணல்மேட்டில்தான் கொஞ்சம் கள்ளி மிஞ்சியிருந்தது. எரிகிற காலோடு தினமும் அங்கே போய் வந்தேன். விரலெல்லாம் பொடி முள்.

“கையப் பாரு, முள்ளம்பன்னி மாரி கீது. என்னத் தொட வந்துறாத” என்று பூவம்மா சிரித்தாள்.

“சிரிக்காதடி. இந்த மாரி புருசன் எவளுக்குக் கெடைப்பான்?” என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா.

சாறு ரத்தச் சிவப்பாக இருக்கும். மூன்றாம் நாள் பூவம்மாவுக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போயிற்று. வியாதி வெளியே போகிறது என்று குப்பம்மா தெருவெல்லாம் சொன்னாள். பழத்தின் சாயம் என்று எனக்குத் தெரியும். நல்ல பேச்சை எதற்குக் கெடுப்பது என்று இருந்துவிட்டேன்.

இந்த வைத்தியம் நடக்கும்போது ஊசி ஆகாது என்று பூவம்மாவிடம் சொல்லியிருந்தேன். தாவூது அப்படிச் சொல்லவில்லை. “ஊசிய மட்டும் வுட்டுடாத நைனா. இது அதுக்குத் தொணைதான்” என்றான். அவன் படிக்காதவன். அவன் சொன்னதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லையே.

புட்டி எப்படித் தீர்ந்தது என்று டாக்டர் கேட்டதால்தானே நீங்கள் வந்தீர்கள்? ஒன்பது நாளும் நான்தான் போட்டுக்கொண்டேன். கொல்லைப்பக்கம் போய், அவள் கண்ணில் படாமல்தான் போட்டுக்கொண்டேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மருந்து குறைந்த அன்றே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு ஊசி இல்லாவிட்டாலும் நடக்குமாம், சோற்றை மட்டும் விட்டால் போதுமாம். அவளுக்கு ஊசி நின்றால் பத்து நாள் தாங்காதாம். நானும் நான்கு நாள் கீரையும் மோருமாக இருந்து பார்த்தேன். மூட்டை தூக்குகிற உடம்பு, ஐயா. தலை சுற்றியது. ஐந்தாம் நாள் சோறு சாப்பிட்டேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மறுநாளே எண்ணூருக்குக் கிளம்பினேன்.

அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். இடுப்பில் சேலை நிற்கவில்லை. நான் பக்கத்திலிருந்து விசிறினேன். பழத்தை நிறுத்தவில்லை. ஊசியை அவளுக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. இரண்டு தடவையும் சாப்பாட்டு நேரம்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நம்பிக்கையோடுதான் போனாள். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. சாற்றை வாயருகே கொண்டுபோனேன். என் கையைத் தள்ளிவிட்டு ஏதோ சொன்னாள். ஜன்னியில் உளறுகிறாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஏன் அப்படிச் சொல்லப்போகிறாள்?

“எனுக்குப் போதும்யா. நீ போயி சோறு துன்னு. துன்றதுக்கு முன்னாடி மறக்காம ஊசி போட்டுக்கோ.”