சட்டைப் பொத்தான் படம் ஓடியபோது நடந்தது

என் பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளப்பட்டுள்ளன. வயது நாற்பத்து நான்கு. பட்டப்படிப்பு முடித்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். கணவருடனும் மாமியாருடனும் வசிக்கிறேன். ஓவியக்கூடத்தின் மாடி அரங்கில் படத்தை நிறுத்தச் சொன்ன வாட்ச்மேனை ஆப்பரேட்டர் தள்ளிவிட்டதாக மேனேஜர் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஆப்பரேட்டர் எனக்கு உறவினர் அல்ல. அன்றுதான் அவரை முதன்முறை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே ஒரு பாப் ஓவியர் எடுத்த மௌனப் படங்களைப் பார்க்கப் போனேன். சோப்பு உறைகளைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி வரைபவர் அவர். என் கணவர் கடைசி நேரத்தில் நழுவிவிட்டதால் அவருடைய டிக்கெட்டில் மாமியார் வந்தார். முதல் படத்தில் ஒரு பெண் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வேறு எதுவும் நடக்கவில்லை. மாமியார், "இவ எப்பம்மா எழுந்திருப்பா?" என்று கேட்டார். "எழுந்திருக்க மாட்டா அத்தை" என்றேன். "அப்ப நான் செருப்பைக் கழட்டிட்டு உக்காந்துக்கறேன்" என்றார்.

அதன் பிறகு இரண்டாவது படம் ஓடியது. ஒரு ஆள் சட்டைப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போடுகிறார், அவ்வளவுதான். எடுத்த வேகத்தைவிட மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது ஓவியரின் நிபந்தனை என்று ஆப்பரேட்டர் முன்பே சொல்லியிருந்தார். மேனேஜர் சாதாரண வேகத்துக்குக் கணக்குப் போட்டு அரங்கை ஒதுக்கியிருந்தது அப்போது யாருக்கும் தெரியாது. முதல் பொத்தான் மாட்டியதுமே மாமியார் என் கையைப் பிடித்து, "உன் புருஷன் மாதிரியே இவனும் அடித்துளையை விட்டுட்டு அடுத்ததுல மாட்டிட்டான் பாரு" என்றார். மெல்லத்தான் சொன்னார், நாலு வரிசைக்குக் கேட்டது. அதன் பிறகு யாரும் சாய்ந்து உட்காரவில்லை. பின்னாலிருந்த ஒருவர், "அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றார். "தெரிஞ்சா மூஞ்சிய இவ்ளோ பெருமையா வெச்சிருப்பானா?" என்றார் மாமியார். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்ப்பவள் நான். என் கண் இத்தனை சந்தோஷமாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அதன் பிறகு வாட்ச்மேன் வந்து, நேரம் முடிந்துவிட்டது, நிறுத்துங்கள் என்றார். ஆப்பரேட்டர் கடைசி வரிசைக்குப் பின்னால் புரொஜெக்டரிடம் நின்றபடி, "இன்னும் ரெண்டே பொத்தான்தாண்ணே" என்றார். வாட்ச்மேன் எங்களை வெளியே போகச் சொல்ல மேடையில் ஏறினார், ஏறியவர் திரையைப் பார்த்தார், பார்த்தபடியே நின்றுவிட்டார். கிட்ட நின்றதால் படம் முழுதாகத் தெரியாமல் ஓர் அடி பின்னால் வைத்தார், இன்னோர் அடி வைத்தார், மேடை முடிந்துவிட்டது. அப்போது அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆப்பரேட்டர் புரொஜெக்டரை விட்டு நகரவில்லை. வேகத்தைக் கையாலேயே கவனிக்க வேண்டிய பழைய மெஷின் அது. அந்த நேரம் திரையிலிருந்த ஆள் கழுத்துக்கு வந்துவிட்டார். ஒரு பொத்தான் மிஞ்சியது, மாட்டத் துளை இல்லை. அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். புகாரில் கலவரம் என்று எழுதியிருப்பது அப்போது நாங்கள் கைதட்டிய சத்தம்.

வாட்ச்மேனுக்கு மணிக்கட்டு பிசகியிருந்தது. வேலை நேரத்தில் படம் பார்த்ததற்காக வேலை போய்விடும் என்று அவர் வாய் திறக்காமல் இருக்கிறார் என நினைக்கிறேன். அவர் படத்தை நிறுத்தத்தான் வந்தார். பார்த்தது தப்பென்றால் அதில் நாங்கள் எல்லோரும் கூட்டு. அவர் மீதும் நடவடிக்கை வேண்டாம், ஆப்பரேட்டரையும் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டியபோது ஒன்று விட்டுப்போயிருந்ததைச் சேர்க்கச் சொன்னேன். நாங்கள் தூக்கப் போனபோது வாட்ச்மேன் தரையில் கிடந்தபடியே திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுதிய ஏட்டையா, "கை பிசகினவர் சிரிப்பாராம்மா?" என்று கேட்டார். "சிரிச்சார் சார். தூக்கப் போனா, நகருங்க, மறைக்குதுன்னார்" என்றேன். அதுவும் சேர்க்கப்பட்டது. இதில் உள்ளது முழுக்க நான் நேரில் கண்டதும் கேட்டதும்தான் என்று கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)