மோர் கொடுத்தவள்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். பூதலப்பட்டில் ஏறிய அவளுடைய அண்ணன் தற்செயலாக அவளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். அவர் நலம் விசாரிப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"மோர் குடுத்ததுக்கு என்னைக் கொலைகாரின்னு சொல்லிட்டா அண்ணா, என் நாத்தனா."

"ஏன், என்னா ஆச்சி?"

"புள்ளைக்கு ஜுரம். வாயெல்லாம் புண்ணு, உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் கொப்புளம். பாக்க வந்தவ, நான் தண்ணிக்குப் போன நேரத்துல உப்பும் மஞ்சளும் வெச்சி வாயில தேச்சிட்டா. அதுலேர்ந்து ஸ்பூனைப் பாத்தாலே வாயை மூடிக்கினான். பகல் பூரா மூத்திரமே போகல."

"அப்புறம்?"

"தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆறின கஞ்சி, மோரு, கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கினே இரு, புண்ணு ஒரு வாரத்துல தானா ஆறிடும்னு டாக்டரம்மா சொல்லிச்சி. வீட்டுக்கு வந்து மோர் குடுத்தா, ஜுரத்துல குளிர்ச்சி குடுத்து சாகடிக்கிறேன்னு தெருவே கேக்கக் கத்தினா."

அண்ணன் முகம் சிவந்தது. "புள்ள இப்ப எப்பிடி இருக்கான்?"

"நல்லா துன்றான், ஓடறான்."

"நீ எங்க கெளம்பிட்டே?"

"திருச்சானூருக்கு, அவ வீட்டுக்குத்தான்."

"சண்டைக்கா?"

"அவ பொண்ணுக்கும் வாயில வந்துடுச்சாம். நேத்துலேர்ந்து தண்ணிகூட எறங்கலயாம். அவகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன். அந்தக் கொழந்த குடிக்கிற வரைக்கும், அவ கை அது வாய்கிட்ட வராம குந்திக்கினு இருப்பேன்."