மாடத்தி வாசல்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, ஆறு வளைஞ்சு போற எடத்துல செம்மேடுன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். வேற எந்த ஊரு, இந்த ஊருதான். நீங்க அண்ணாந்து பாக்கீயளே, இந்த டவுன் ஹால் அப்போ புதுசு. சன்னலெல்லாம் கலர் கண்ணாடி. வெயில் வந்தா தரையில செவப்பும் நீலமுமாப் பூத்துக் கெடக்குமாம்.

காவக்காரரு சுடலைமுத்து. அவரு பொஞ்சாதி மாடத்தி, எனக்குப் பூட்டி. அவதான் ஹாலைக் கூட்டுவா. தரையில கெடக்குற நெறத்தையும் சேத்துக் கூட்டுவாளாம். கூட்டக் கூட்டப் போவாதாம்.

ஒரு ஐப்பசி. மழைன்னா மழை, அப்படி மழை. ஆறு சத்தங்காட்டாம தெருவுக்குள்ள வந்துருச்சு. கீழத்தெரு சனமெல்லாம் புள்ளையும் கோழியுமா ஹால் படியில ஏறிட்டு. கதவோ பூட்டிக் கெடக்கு. உள்ள கலெக்டர் வரவேற்புக்குப் பட்டு நாக்காலி போட்டுருக்கு.

சுடலைமுத்து சாவியக் கையில வச்சுக்கிட்டுத் தொறக்க மாட்டேங்காரு. "சேர்மன் சொல்லாம தொறந்தா வேல போயிரும்ளா."

"வேலதான போவும்? இந்தப் புள்ளையளப் பாருங்க, தண்ணி அடுத்த படி ஏறிட்டு."

சாவியப் புடுங்கித் தொறந்தா. சனமெல்லாம் உள்ள போச்சு. அப்புறம் என்ன செஞ்சா? சாவிய வெள்ளத்துல வீசிட்டா.

"ஏன்ளா எறிஞ்ச?"

"இருந்தா, பூட்டுன்னு ஒரு சத்தம் வந்ததும் உங்க கை பூட்டிரும். அதான்."

மழை விடுற மட்டும் ஊரே அங்கதானாம். பட்டு நாக்காலியில பச்சப்புள்ளைய தூங்குதுவ. தூண்ல ஆடு அசைபோடுது. மங்குன வெளிச்சம் கண்ணாடி வழியா எறங்கி, தூங்குற மூஞ்சிலெல்லாம் நீலமா நிக்கி. யாரு எந்தத் தெருன்னு யாருக்கும் நெனப்பில்ல. கனவுக்குள்ள குடியிருந்த மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுவாவ.

சேர்மன் வீடும் முங்கி, அவரு தாயாரோட பரிசல்ல வந்தாரு. தாயாரக் கைத்தாங்கலா வாசல்ல எறக்குனாரு. தாயார் கேட்டாவ: "எடம் இருக்கா தாயி?"

"வாங்கம்மா, கால நீட்டிப் படுங்க."

தண்ணி வடிஞ்சது. சேர்மனுக்குப் பழைய கொரலு வந்துட்டு. "சாவி எங்க?"

"ஆத்துக்கிட்டக் கேளுங்கய்யா."

சுடலைமுத்துக்கு வேல போச்சு. போனது போனதுதான், திரும்பக் கெடைக்கல. புதுப் பூட்டு மாட்ட ஆசாரி வந்தாரு. சேர்மன் தாயார் போயி நெலப்படியில உக்காந்துட்டாவளாம். "நான் தலை சாச்ச எடம். பூட்டணும்னா என்னத் தாண்டிப் பூட்டு."

ஆசாரி திரும்பிட்டாரு. அதுக்கப்புறம் எத்தனையோ சேர்மன் வந்தாச்சு, பூட்டு மட்டும் வரல. இன்னிக்கும் மேகம் கருத்தா எங்க ஊர்ல, "பயப்படாத, மாடத்தி வாசல் இருக்கு"ம்பாவ.

ஏன் வெளியவே நிக்கிய? தள்ளுங்க. கதவச் சும்மா தள்ளுங்க.